பழைய புல்லட் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பொங்கல் விடுமுறை வந்துவிட்டால் என் தொலைபேசி ஓயாது. "ஆறு மாதமாக மூடி வைத்திருந்தேன், இப்போது எவ்வளவு உதைத்தாலும் உயிர் வரவில்லை" என்பார் ஒருவர். "மணப்பாறை வரை நன்றாக வந்தது, திடீரென்று நின்றுவிட்டது, பத்து நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்பிவிட்டது" என்பார் இன்னொருவர். ஆளும் ஊரும் மாறினாலும் பிழைகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். 2006-இல் கரூரில் வாங்கிய 1988-ஆம் ஆண்டு 350 புல்லட்டை இன்றுவரை நானே பிரித்து, நானே பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் வண்டியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததுண்டு. அதிலிருந்து அடிக்கடி தேவைப்படுபவற்றை எடுத்து இங்கே தருகிறேன்.

நான் பேசுவது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த 346 சி.சி. புல்லட்டைப் பற்றி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்துவந்த வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பிளாட்டினம் பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச், சுருக்கமாகப் பிளாட்டினம்), ஹெட்லைட்டின் மேல் ஆம்ப் மீட்டர் (பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறதா, பேட்டரிக்கு வருகிறதா என்று காட்டும் கருவி). என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்த பிற்கால வண்டிகளுக்கு இது பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்று. வண்டி மக்கர் செய்தவுடன் கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் பார்த்தவற்றில் "கார்புரேட்டர் கோளாறு" என்று கொண்டுவந்த வண்டிகளில் பெரும்பாலானவை பிளாட்டினத்திலோ, ஒயரிலோ, டேங்க் மூடியிலோ முடிந்தன. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பாலக்கரை மெக்கானிக் ஒருவர், நான் ஸ்பேனரை எடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "தம்பி, முதலில் ஊசியைப் பார்த்தாயா?" அவர் சொன்னது ஆம்ப் மீட்டர் ஊசியை.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), திருப்புளி, மிக நைசான உப்புத்தாள், சுத்தமான துணி, ஒரு புதிய பிளக், ஒரு புதிய கண்டென்சர் (பிளாட்டினத்தின் நடுவே பொறி பறக்காமல் தடுக்கும் சிறு பாகம்). மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

## 1. எவ்வளவு உதைத்தாலும் உயிர் வரவில்லை

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். கிக்கரை உதைக்காமல், காலால் மெதுவாக அழுத்தி இறக்குங்கள். பார்வை ஆம்ப் மீட்டரில் இருக்கட்டும்.

நல்ல வண்டியில் ஊசி மைனஸ் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். கிக்கர் கனத்துப் போய் நிற்கும் இடத்தையொட்டி, டக்கென்று நடுவுக்கு வரும். சாயும்போது பிளாட்டினம் மூடியிருக்கிறது. நடுவுக்கு வரும்போது திறந்துவிட்டது. இந்த ஓர் அசைவை வைத்துப் பாதிப் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். சாவியைப் போட்டபடி ஊசியைச் சாய்ந்த நிலையில் நெடுநேரம் விட வேண்டாம். காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

### 1-அ. ஊசி அசையவே இல்லை

ஹாரனை அழுத்திப் பாருங்கள். ஹாரனும் அடிக்கவில்லை என்றால் மின்சாரமே வரவில்லை. பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா, ஃபியூஸ் போய்விட்டதா, எர்த் ஒயர் சட்டத்தோடு சேரும் போல்ட்டில் துருவோ பெயின்டோ இருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பூட்டிய வண்டிகளில் எர்த் பிழை மிக அதிகம். போல்ட்டுக்கு அடியில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள்.

ஹாரன் அடிக்கிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மீட்டரே பழுது. அப்போது ஊசிக்குப் பதில் மல்டிமீட்டரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டுக்கு அசைகிறது என்றால் வலதுபக்கத்து வட்ட மூடியைக் கழற்றிப் பிளாட்டினத்தைப் பாருங்கள்.

பிளாட்டினம் மூடிய நிலையில், சாவி போட்டபடி, அசையும் கரத்தையும் அடித்தகட்டையும் திருப்புளியின் முனையால் சேர்த்துத் தொடுங்கள். ஊசி சாய்ந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, பிளாட்டினத்தின் முகம்தான் அழுக்கு. பல மாதம் நின்ற வண்டியில் அந்த முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். விரல்நகத்தால் தொட்டால் வழவழவென்று தெரியும். உப்புத்தாளை மடித்து இரண்டு முகத்துக்கும் நடுவே நாலைந்து தரம் இழுத்துவிட்டு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை இழுங்கள். காகிதம் கறுப்பில்லாமல் வரும்வரை இழுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் உப்புத்தாளின் தூளே தடையாக நின்றுவிடும்.

திருப்புளியால் தொட்டும் ஊசி சாயவில்லை என்றால், காயிலிலிருந்து பிளாட்டினத்துக்கு வரும் ஒயரோ, காயிலோ, சாவி சுவிட்சோ அறுந்திருக்கிறது. ஒயரை முதலில் பாருங்கள். வட்ட மூடிக்குள் நுழையும் இடத்தில், மேலே உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு முறிந்திருப்பதுண்டு.

### 1-ஆ. ஊசி மைனஸ் பக்கம் போய் அங்கேயே நிற்கிறது

பிளாட்டினம் திறக்கவில்லை, அல்லது திறந்தும் மின்சாரம் வேறு வழியில் எர்த் ஆகிறது. கிக்கரைத் திருப்பி, திறக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு, நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள்.

ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் இடைவெளி போய்விட்டது. கேம் (பிளாட்டினத்தைத் திறக்கும் சுழல் மேடு) மேல் உரசும் பேக்கலைட் குதி தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் திருப்பி, பிளாட்டினம் மிக அதிகமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள். கேம் மேல் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் சூட்டில் உருகிப் பிளாட்டினத்தின் மேல் தெறித்துவிடும்.

காகிதம் செருகியும் ஊசி நகரவில்லை என்றால் கண்டென்சர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியவுடன் நடுவுக்கு வந்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட். வராவிட்டால், அசையும் கரம் உட்காரும் போல்ட்டில் ஃபைபர் வாஷர் விடுபட்டிருக்கிறது, அல்லது தப்பான வரிசையில் போடப்பட்டிருக்கிறது. பிளாட்டினம் மாற்றிய மறுநாளே வண்டி நின்றால் நான் முதலில் தேடுவது இந்த வாஷரைத்தான்.

### 1-இ. ஊசி ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் உயிர் இல்லை

பிளக்கைக் கழற்றி, தொப்பியை மாட்டி, பிளக்கின் உடல் சிலிண்டர் ஹெட் இரும்பில் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்க வேண்டாம். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில், காதுக்குக் கேட்கும்படி பொறி விழ வேண்டும்.

பொறி இல்லையென்றால் புதிய பிளக்கைப் போட்டுப் பாருங்கள், இடைவெளி 0.5 மி.மீ. அளவில் இருக்கட்டும். அதற்கும் இல்லையென்றால் பிளக் தொப்பியைத் திருகி எடுத்துவிட்டு, ஒயரின் நுனியை உறைபோட்ட குறடால் பிடித்து இரும்பிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளி வைத்து உதையுங்கள். இப்போது பொறி வந்தால் தொப்பிதான் பழுது. இப்போதும் வராவிட்டால் கண்டென்சரை மாற்றுங்கள். கடைசியில்தான் காயில்.

பொறி நன்றாக விழுகிறது என்றால், பிளக்கைப் பூட்டிப் பல தரம் உதைத்த பிறகு, மீண்டும் கழற்றி அதன் முனையைத் தொட்டுப் பாருங்கள்.

*முனை நனைந்திருந்தால்* பெட்ரோல் மிஞ்சிப்போயிருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பெட்ரோல் டேப்பையும் சோக்கையும் மூடி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, டீகம்ப்ரஸர் (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) பிடியை அழுத்திக்கொண்டு எட்டு பத்து முறை உதையுங்கள். பிளக்கைத் துடைத்துச் சூடாக்கிப் போட்டால் பெரும்பாலும் ஒரே உதையில் கிளம்பும். அடிக்கடி இப்படி ஆனால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசியில் தூசி இருக்கும்.

*முனை காய்ந்திருந்தால்* பெட்ரோல் வரவில்லை. டேப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். நூல் பிடித்தாற்போல் தடையில்லாமல் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேப்பின் வலையில் துரு. நன்றாக விழுந்தால், இப்போதுதான் கார்புரேட்டரின் முறை: கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிறிய ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வழியே ஒளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான். காற்று அழுத்தத்தில் ஊதினால் போதும். திரும்பப் பூட்டும்போது காற்றுத் திருகை மெல்ல முழுதாக மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள்.

நெடுநாள் நின்ற வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு மூடி வையுங்கள். இதைச் செய்த வண்டிகள் பொங்கலன்று என்னைத் தேடி வந்ததே இல்லை.

### 1-ஈ. கிக்கர் கனமே இல்லாமல் இறங்குகிறது

அழுத்தம் எங்கோ கசிகிறது. செலவில்லாத காரணம் டீகம்ப்ரஸர்: அதன் கேபிளில் சிறிதாவது தளர்ச்சி இருக்க வேண்டும். இறுகியிருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும். கரித்துகள் சிக்கினாலும் அப்படித்தான். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது அந்தப் பக்கமிருந்து "உஸ்" என்று கேட்கும்.

அது சரியாக இருந்தால் டாப்பெட், அதாவது வால்வுகளைத் திறக்கும் புஷ் ராடுகளின் இடைவெளி. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது நல்லது. பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் வைத்து, வலப்பக்கத்து டாப்பெட் மூடியைக் கழற்றி, இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. உருள மறுத்தால் வால்வு முழுதாக மூடவில்லை, தளர்த்துங்கள்.

இரண்டும் சரி, இன்னும் கனமில்லை என்றால் பிளக் துளை வழியே இரண்டு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு உதையுங்கள். கனம் திரும்பினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, திரும்பாவிட்டால் வால்வு. இரண்டுக்கும் லேத் வசதி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன் நீங்கள் செய்ய வேறொன்றும் இல்லை.

## 2. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது

### 2-அ. சிறிது நேரம் விட்டால் தானாகவே கிளம்புகிறது

நின்ற இடத்திலேயே, வேறெதையும் தொடாமல், டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் காரணம் கிடைத்துவிட்டது: மூடியில் உள்ள ஊசித்துளை அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்த வண்டி, திண்டுக்கல் சாலையில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்றுகொண்டே இருந்தது. காயில் மாற்றினார், ஜெட் மாற்றினார், கார்புரேட்டரையே மாற்றினார். நான் மூடியைக் கையில் வாங்கி உட்புறத்தை வெயிலில் காட்டிப் பார்த்தபோது, டேங்குக்கு அடித்த வார்னிஷின் ஒரு துளி அந்தத் துளையின் மேல் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. ஒரு குண்டூசியால் வேலை முடிந்தது. அவர் சாலையோரப் புளியமரத்தடியில் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து நான் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் மூடியைத்தான் திறக்கிறேன்.

### 2-ஆ. நன்றாகச் சூடானால்தான் நிற்கிறது, ஆறும்வரை கிளம்பாது

மூடியில் குற்றமில்லை என்றால் கண்டென்சர். மாலை இருட்டும் நேரத்தில், என்ஜின் சூடாக ஓடும்போது பிளாட்டினத்தின் வட்ட மூடியைத் திறந்து பாருங்கள். பிளாட்டினத்தின் நடுவே சன்னமாக எப்போதாவது மின்னினால் கவலையில்லை. மஞ்சளாக, தடிமனாக, விடாமல் பொறி பறந்தால் கண்டென்சர் செத்துக்கொண்டிருக்கிறது. பிளாட்டினத்தின் ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் பள்ளமுமாக இருந்தாலும் பெரும்பாலும் அதே பொருள். விலை மலிவான பொருள். பழையதைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

கண்டென்சர் மாற்றியும் அதே கதை என்றால் காயில். ஓடும் வேறொரு வண்டியின் காயிலை மாட்டி, அதே தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே புதியதை வாங்குங்கள்.

### 2-இ. குண்டு குழியில் விட்டு விட்டு நிற்கிறது

ஒயர் தளர்ந்திருக்கிறது. என்ஜினை ஓடவிட்டு, சாவி சுவிட்ச், காயில் முனை, பேட்டரி முனை, ஹேண்டில் திரும்பும் இடத்தில் வளையும் ஒயர்க்கட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது என்ஜின் இருமுகிறதோ அதுதான். இது பொறுமைக்கு மட்டுமே செலவு.

### 2-ஈ. முனகலோடு இறுகி நின்றது

வேகம் தானாகக் குறைந்து, என்ஜின் இறுகுவதுபோல் தோன்றினால் அந்தக் கணமே கிளட்சைப் பிடியுங்கள். ஓரம் கட்டிவிட்டு உதைக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிக்கர் தாராளமாக இறங்குகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் என்ஜினைக் கிளப்பி, ராக்கருக்கு (வால்வுகளை அழுத்தும் கரம்) ஏறும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டைச் சிறிது தளர்த்துங்கள். ஐட்லிங்கில் அங்கே ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கசியாவிட்டால் உடனே அணையுங்கள். ஆயில் பம்போ அதைச் சுழற்றும் புழுப்பல்லோ போயிருக்கிறது. வண்டியை லாரியில் ஏற்றுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

## 3. கிக்கர் திருப்பி அடிக்கிறது

இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பக்கத்து வீட்டு அண்ணன் செருப்புக் காலோடு உதைத்து, கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்தார். ஷூ இல்லாமல் இந்த வண்டியை உதைக்காதீர்கள்.

பாதிப் பேருக்குப் பிழை உதைக்கும் முறையில்தான் இருக்கிறது. ஊசி நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்குங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்து, இன்னும் ஒரு விரற்கடை தள்ளுங்கள். பிடியை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில், பாதியில் நிறுத்தாமல் உதையுங்கள். பலத்தைவிட, முழுதாக இறக்குவதுதான் முக்கியம்.

முறை சரியாக இருந்தும் அடித்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) முந்தியிருக்கிறது. பிளாட்டினத்தின் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் நகரும் என்பதை மறந்துவிடுகிறோம். இடைவெளியை முதலில் வைத்து, பிறகே டைமிங்கைப் பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால், பிளாட்டினத் தட்டுக்குக் கீழே உள்ள அட்வான்ஸ் எடைக்கட்டைகளைப் பாருங்கள். கேமை விரலால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே வர வேண்டும். பாதியில் நின்றால் துருவும் பழைய கிரீஸும் காரணம். சுத்தம் செய்து இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். ஸ்பிரிங் நீண்டுபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். டைமிங்கை நீங்கள் இதுவரை வைத்ததே இல்லை என்றால், முதல் முறை அனுபவமுள்ள மெக்கானிக்கின் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

## 4. புகை

நீலப் புகை, நெடுநாள் நின்றபின் கிளப்பும்போது மட்டும். என்னிடம் வரும் கேள்விகளில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. இந்த வண்டியின் ஆயில் தொட்டி கிராங்க் அறையோடு ஒட்டியே இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது ஆயில் பம்பைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். கிளப்பியவுடன் தெருவே மறையும்படி புகையும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். ரிங் போய்விட்டது என்று இதற்காக என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. பிரிக்க வேண்டாம். கிளப்பும் முன் கிராங்க் அறையின் வடிகால் போல்ட்டைக் கழற்றி, இறங்கிய ஆயிலை வடித்துவிட்டால் போதும்.

இதோடு சேர்ந்து வரும் தவறு ஒன்று உண்டு. நின்ற வண்டியில் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அரை லிட்டர் ஊற்றுவார்கள். வண்டி ஓடியதும் கீழே இறங்கிய ஆயிலும் தொட்டிக்குத் திரும்பி வந்து, அளவு மிஞ்சி, கிடைத்த இடுக்கிலெல்லாம் வெளியே வரும். பிறகு "ஒழுகுகிறது" என்று கேஸ்கெட் மாற்றுவார்கள். ஆயில் அளவை, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்த பிறகே பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் முழுதாக இறங்கிவிடுகிறது என்றால் பம்பின் தட்டு சரியாக உட்காரவில்லை. அதைத் தேய்த்து உட்காரவைக்கும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

நீலப் புகை, எப்போதும். முடுக்கும்போது அதிகமானால் ரிங், சிலிண்டர். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி வந்து மீண்டும் திறக்கும்போது ஒரு குப்பென்று வந்தால் வால்வு கைடு. இரண்டும் பட்டறை வேலை, இரண்டாவது மலிவு.

கறுப்புப் புகை. சோக் முழுதாக மூடவில்லை, ஏர் ஃபில்டர் அடைப்பு, மெயின் ஜெட் பெரிது. இதே வரிசை. பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்துக்கு வந்தால் சரியாகிவிட்டது என்று பொருள்.

குளிர்காலக் காலையில் வரும் வெள்ளைப் புகை சைலன்ஸரில் தங்கிய ஈரம். விட்டுவிடுங்கள்.

## 5. ஆயில் ஒழுகுகிறது

என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். ஆயில் எப்போதும் காற்றடிக்கும் பக்கம் பின்னோக்கி ஓடும். நனைந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் கேஸ்கெட்டைத் தொடாமல் பிரீதர் குழாயைப் பாருங்கள். அதன் நுனியில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் இருக்கும். விரலால் அழுத்தினால் உதடுகள் பிரிந்து மீண்டும் சேர வேண்டும். வயதான ரப்பரில் உதடுகள் ஒட்டிப்போயிருக்கும், அல்லது கல்போல் இறுகியிருக்கும். கிராங்க் அறையின் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ரப்பரை மாற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இடப்பக்கத்து முதன்மைச் சங்கிலி மூடி ஒழுகினால், நடுவில் உள்ள ஒற்றை நட்டைப் பலம்கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். மூடி வளைந்துவிடும், ஒழுகலும் நிற்காது. ஓரத்து ரப்பர் சீலை மாற்றி, அளவாக இறுக்குங்கள். ராக்கர் குழாய் போல்ட்டின் வாஷர், டாப்பெட் மூடியின் கார்க் ஆகியவை ஒரு மணி நேர வேலை. சிலிண்டரின் அடிப்பகுதியிலோ கிராங்க் உறையின் நடுக்கோட்டிலோ கசிந்தால் மெக்கானிக்.

## 6. பேட்டரி நிற்பதே இல்லை

வேகம் கூட்டும்போது ஊசி பிளஸ் பக்கம் போகிறதா? போனால் சார்ஜ் ஆகிறது, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. போகவில்லை என்றால் எர்த், ஃபியூஸ், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயர்களின் இணைப்பு ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். 12 வோல்ட் வண்டியில், வேகமாக ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ரெகுலேட்டர், பிறகு ஆல்டர்னேட்டர் சுருள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது, ஓட்டாதீர்கள். பழைய 6 வோல்ட் வண்டிகளில் 12 வோல்ட் பல்பைத் தெரியாமல் போட்டுவிட்டு மங்கலாக எரிகிறது என்று வருவோரும் உண்டு. பல்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

## 7. வெடிக்கிறது

ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்ஸரில் படபடவென்று வெடித்தால், ஹெட்டோடு குழாய் சேரும் இடத்தில் காற்று நுழைகிறது. அங்கே கரிக்கோடு தெரியும். இறுக்கியும் நிற்காவிட்டால் காற்றுத் திருகைக் கால் சுற்று மூடிப் பாருங்கள். கார்புரேட்டர் பக்கம் தும்மினால், என்ஜின் இன்னும் சூடாகவில்லை, அல்லது இன்லெட் டாப்பெட் இறுக்கம், அல்லது டைமிங் தப்பு.

## 8. கிளட்சும் கியரும்

மேட்டில் என்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கிளட்ச் பிடியில் 2, 3 மி.மீ. தளர்ச்சி இருக்கட்டும், அது இல்லாமல் இறுகிய கேபிளாலேயே பாதி கிளட்சுகள் கருகுகின்றன. தளர்ச்சி இருந்தும் நழுவினால் தட்டுகளை மாற்ற வேண்டும்.

பிடியை அழுத்தியும் முதல் கியர் விழும்போது வண்டி பாய்ந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. காலையில் கிளப்பும் முன் கிளட்சை அழுத்தியபடி இரண்டு முறை கிக்கரை மெல்ல இறக்கினால் பிரிந்துவிடும். முதன்மைச் சங்கிலியை மூடியின் துளை வழியே விரல்விட்டுத் தூக்கிப் பாருங்கள். சுமார் 6 மி.மீ. ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கடகடவென்ற சத்தம் இங்கிருந்துதான்.

கியர்களுக்கு நடுவே பொய் நியூட்ரல் விழுந்தால் முதலில் உங்கள் காலைக் கவனியுங்கள். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஒவ்வொன்றையும் அடிவரை அழுத்தி, அடுத்ததற்கு முன் காலை முழுதாக எடுக்க வேண்டும். பிறகு கியர் லீவர் பற்களில் ஆட்டம் இருக்கிறதா, கியர்பாக்ஸில் மசகு போதுமா என்று பாருங்கள். வெளிமூடிக்குள் உள்ள ஸ்டாப் பிளேட்டை மயிரிழை நகர்த்திச் சரிசெய்வது ஒரு கைநுட்பம். இருமுறை முயன்று வராவிட்டால் தெரிந்தவரிடம் விடுங்கள். குறிப்பிட்ட ஒரே கியர் மட்டும் பாரம் ஏறும்போது வெளியே குதித்தால் பற்கள் மழுங்கிவிட்டன. கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் திண்டாடுபவர்கள் கியர் லீவருக்குப் பின்னால் உள்ள சின்ன லீவரைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களில் எதில் இருந்தாலும், கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் அதை ஒரு முறை அழுத்தினால் நேரே நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் அது வேலை செய்யாது. இரண்டாவதுக்கு இறக்கிவிட்டு அழுத்துங்கள்.